இருபத்திரண்டு லட்சத்தை வாடகைக்கு எடுக்க வேண்டாம்

கேள்வி: ஐயா, எங்களுக்குக் கவுந்தப்பாடி பக்கம் ஒரு கிராமம்ங்க. மூன்றரை ஏக்கர், கீழ்பவானி வாய்க்கால் பாசனம். கரும்பும் மஞ்சளும் வைக்கிறோம், நாலு மாடு இருக்குது. பையன் 2024-ல மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடிச்சான், 7.4 சி.ஜி.பி.ஏ. இப்ப கோயமுத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில 18 ஆயிரம் சம்பளம். வெளிநாட்டுல மேல்படிப்புப் படிக்கோணும்ங்கிறான். ஒரு ஏஜெண்ட் இங்கிலாந்துல சீட் வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்கார். ஒரு வருசப் படிப்பு, பீஸ் 16 ஆயிரம் பவுண்டு, பாதியை முன்னாடியே கட்டோணுமாம். விசாவுக்கு 22 லட்சம் பேங்க்ல காட்டோணுமாம். அந்தப் பணத்தை அவங்களே எங்க வீட்டுக்காரர் கணக்குல போட்டு வெப்பாங்களாம், மாசம் நூத்துக்கு மூணு ரூபாய் வட்டி. கையெழுத்துப் போட்ட வெறும் செக் நாலு கேட்டாங்க, ரெண்டு குடுத்துட்டோம். எங்க அண்ணன் திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்காரு. அவர் கணக்கைக் காட்டினா ஆகாதான்னு கேட்டா, ஆகாதுங்கிறாங்க. முன்பணம் கட்டறதுக்கு ஒரு ஏக்கரை வித்தர்லாம்ங்கிறாரு வீட்டுக்காரர். பையன் இந்த வருசமே போகோணும்னு நிக்கிறான். என்ன செய்யறதுன்னே தெரியலைங்க.
– ஒரு தாய், ஈரோடு மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். விசா, பணம், நிலம் எல்லாவற்றையும் பேசுவோம். அதற்கு முன்னால் அந்த இரண்டு காசோலைகளைத் திரும்ப வாங்குங்கள். இந்தப் பதிலைப் படித்த மறுநாளே உங்கள் வீட்டுக்காரரும் அண்ணனும் சேர்ந்து நேரில் போய்க் கேட்கட்டும். கொடுக்க மறுத்தால், காசோலைப் புத்தகத்தில் அந்த இரண்டு எண்களையும் பார்த்து, பணம் தர வேண்டாம் என்று வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். ‘உங்களிடமிருந்து நாங்கள் ஒரு ரூபாயும் வாங்கவில்லை, காசோலைகளைத் திருப்பித் தரவும்’ என்று ஏஜெண்டுக்கும் ஸ்பீடு போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு ஒரு கடிதம் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு உங்களுக்குக் கடன் என்று எதுவும் இல்லை. அதை எழுத்தில் பதிந்து வைப்பது முக்கியம். காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவில் வழக்குப் போடலாம், 2 வருடம் வரை சிறைத் தண்டனைக்கு இடம் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட வெறும் காசோலையை உங்கள் வீட்டுச் சாவியைப் போல நினையுங்கள். ஊர் பேர் தெரியாதவர் கையில் அது இருக்கக்கூடாது.

நான் 19 வருடம் வங்கியில் வேலை பார்த்தேன், அதில் பாதிக்கு மேல் கல்விக் கடன் பிரிவில். இப்போது ஈரோட்டில் வெளிநாடு போகும் பிள்ளைகளின் ஆவணங்களைத் தயார் செய்து கொடுக்கிறேன். அதற்குக் கட்டணமும் வாங்குகிறேன். வங்கியில் இருந்த காலத்தில் நடந்த ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஒரு விவசாயி, மகனின் விசாவுக்காக இருப்புச் சான்று கேட்டு வந்தார். பாஸ்புக்கை அச்சடித்துப் பார்த்தேன். பால் சங்கம் 2,340 ரூபாய் வரவு. எடுத்தது 2,000. மறுபடி பால் சங்கம் 2,105. எடுத்தது 2,000. இரண்டு பக்கத்துக்கு இதே மாதிரி. கடைசியில் ஒரே வரியில் 14,00,000 வரவு. அந்த ஒரு வரியைப் பார்த்ததுமே இது அவர் பணம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கணக்கில் பணம் இருந்தது, சான்று கொடுக்க வேண்டியது என் வேலை, கையெழுத்துப் போட்டேன். ‘ஐயா, இது எங்கிருந்து வந்தது?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பையனுக்கு விசா கிடைத்தது. அடுத்த வாரமே 14 லட்சமும் வந்த வழியே போய்விட்டது. அங்கே போய் இறங்கிய பையனுக்கு இரண்டாவது தவணைக் கட்டணத்துக்குப் பணம் இல்லை. நான்கு மாதத்தில் கல்லூரி பெயரை நீக்கியது. பையன் திரும்பி வந்த பிறகு அவன் அப்பா ஒரு நாள் என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். கையில் காசோலை வழக்கின் நோட்டீஸ். ‘நீங்க அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே’ என்றார். இன்று வரை அந்த மனிதர் முகம் எனக்கு மறக்கவில்லை. அன்று அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 22 லட்சத்துக்கு நூற்றுக்கு மூன்று என்றால் மாதம் 66,000 ரூபாய். இரண்டு மாதம் ஆனால் 1,32,000. விசா வந்தாலும் வராவிட்டாலும் அது போனதுதான். சரி, விசா வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்த 22 லட்சம் ஏஜெண்டிடம் திரும்பிப் போய்விடும். மீதி 8,000 பவுண்டு கட்டணத்தை யார் கட்டுவது? வாடகை, சாப்பாடு? ‘பையன் பார்ட் டைம் வேலை பார்த்துக் கட்டிக்குவான்’ என்று சொல்லியிருப்பார்கள். இங்கிலாந்தில் பட்டப் படிப்பு மாணவர் கல்லூரி நடக்கும் வாரங்களில் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. மீறினால் விசா ரத்தாகும். 20 மணி நேரச் சம்பளத்தில் தங்கிச் சாப்பிடுவதே இழுபறி. அதில் கட்டணமும் கட்டலாம் என்று சொல்பவர் உங்கள் பையனைப் பற்றி யோசிக்கவில்லை.

மாட்டினால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பணம் உண்மையிலேயே மாணவருக்குக் கிடைக்கக்கூடியதுதானா என்று சந்தேகம் வந்தால் அதிகாரி வங்கியிடம் நேரடியாக விசாரிக்கலாம். பொய் ஆவணம், ஏமாற்று என்று முடிவானால் இங்கிலாந்தில் 10 வருடம் வரை தடை. கனடாவில் 5 வருடம். ஆஸ்திரேலியாவில் 3 வருடம். அமெரிக்காவில் ஆயுள் முழுக்க நிற்கும். ஒரு நாட்டில் மறுத்ததா என்ற கேள்வி பல நாடுகளின் படிவத்தில் இருக்கிறது, கேட்டால் சொல்லியாக வேண்டும். 23 வயதில் இந்தக் கறை எதற்கு? ஏஜெண்டுக்கு ஒரு கோப்பு போகும், அவ்வளவுதான். உங்களுக்குப் பையனின் பேரே போய்விடும்.

அடுத்து உங்கள் அண்ணன் விஷயம். ஏஜெண்ட் இதில் சொன்னது சரிதான். இங்கிலாந்து விசாவுக்கு மாணவர் கணக்கு, பெற்றோர் கணக்கு, சட்டப்படியான பாதுகாவலர் கணக்கு இவற்றைத்தான் ஏற்பார்கள். நம் ஊரில் தாய்மாமன் இல்லாமல் காது குத்துவது கூடக் கிடையாது. அங்கே மாமாவின் பாஸ்புக்கைத் திருப்பிக் கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் ‘மாமா கணக்கு ஆகாது’ என்பது ஒன்று, ‘மாமா உதவி ஆகாது’ என்பது வேறு. இந்த வித்தியாசத்தை அவர் உங்களுக்குச் சொல்லவில்லை.

உங்கள் அண்ணன் இரண்டு வழிகளில் உதவலாம். ஒன்று, மனமிருந்தால் தன் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கோ பையன் கணக்குக்கோ வங்கி மூலம் பணத்தை அன்பளிப்பாக அனுப்புவது. அண்ணன் தங்கைக்குக் கொடுப்பதற்கும், தாய்மாமன் மருமகனுக்குக் கொடுப்பதற்கும் வருமான வரி கிடையாது. முத்திரைத் தாளில் ஒரு அன்பளிப்புப் பத்திரம் எழுதி, அவருடைய வங்கிக் கணக்கு விவரத்தையும் வருமான வரித் தாக்கலையும் கூடவே வைத்துவிட வேண்டும். பெரிய தொகை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் அந்தக் கோப்பிலேயே இருக்கும். இங்கிலாந்து என்றால் அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருக்க வேண்டும், அந்த 28-ஆம் நாள் விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். ஒரே ஒரு நாள் 500 ரூபாய் குறைந்தாலும் மறுத்துவிடுவார்கள். அந்தக் கணக்கோடு இணைந்த ஏ.டி.எம். கார்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

இரண்டாவது வழி எனக்கு இன்னும் பிடித்தது. பணத்தைக் கொடுக்காமல், பையனின் கல்விக் கடனுக்கு அண்ணன் தன் திருப்பூர் கட்டடத்தை அடமானமாக வைக்கலாம். ஏன் உங்கள் நிலத்தையே வைக்கக்கூடாது என்று கேட்பீர்கள். வங்கியில் நான் அதிகமாகக் கேட்ட கேள்வி அதுதான். ஏக்கர் கோடி ரூபாய் போகும் வாய்க்கால் நிலத்தின் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ‘எட்டு லட்சம் கடனுக்கு இது பத்தாதுங்களா?’ என்று கேட்பார்கள். கடன் திரும்பாவிட்டால் அடமானச் சொத்தை நீதிமன்றம் போகாமலே வங்கி விற்க 2002-ஆம் வருட சர்ஃபேசி சட்டம் வழி செய்கிறது. விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு விலக்கு கொடுத்திருக்கிறது. விவசாயியைக் காப்பாற்ற வைத்த பிரிவு அது. அதனாலேயே கல்விக் கடனுக்கு வங்கிகள் விவசாய நிலத்தைப் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆனால் ஊருக்குள் நத்தம் பட்டாவில் உங்கள் பெயரில் மெத்தை வீடு இருந்தால் அதைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள், சில வங்கிகள் ஏற்கும். இல்லையென்றால் அண்ணனின் கட்டடம். மூன்றாம் நபர் சொத்தை அடமானமாகப் பெரும்பாலான அரசு வங்கிகள் ஏற்கும். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது, கட்டட அனுமதி எல்லாம் கேட்பார்கள். வக்கீல் கருத்து, மதிப்பீடு என்று ஒரு மாதம் ஓடிவிடும். பெரும்பாலும் மொத்தச் செலவில் 15 சதவீதம் உங்கள் கைப்பணமாக இருக்க வேண்டும்.

வங்கி கொடுக்கும் கடன் அனுமதிக் கடிதத்துக்கு ஒரு பெரிய நன்மை இருக்கிறது. முறையான வங்கியின் கல்விக் கடன் என்றால் இங்கிலாந்துக்கு அந்த 28 நாள் கணக்கே வேண்டாம். கடிதம் 6 மாதத்துக்குள் கொடுத்ததாக இருந்தால் போதும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி பிடிக்கும் டி.சி.எஸ். வரியும் கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு இல்லை. சொந்தப் பணமாக அனுப்பினால் ஒருவர் பெயரில் வருடத்துக்கு 10 லட்சத்துக்கு மேல் போகும் பகுதிக்குப் பிடிப்பார்கள், வருமான வரி தாக்கல் செய்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மாதம் மூன்று ரூபாய் வட்டிக்கு 22 லட்சத்தை எடுக்கத் துணிந்த நீங்கள், வருடத்துக்குப் பத்து ரூபாய் வட்டியில் கிடைக்கக்கூடிய கடனைக் கேட்கவே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். வங்கிப் படியேறக் கூச்சப்பட வேண்டாம். வித்யாலட்சுமி இணையதளத்தில் பையனே விண்ணப்பிக்கலாம்.

நிலத்தை விற்பது பற்றி. வேண்டாம். பையன் படிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவசரத்தில் விற்ற நிலத்துக்கு யாரும் சரியான விலை கொடுத்ததை நான் பார்த்ததில்லை. அப்படியே விற்றாலும் இன்னொரு சிக்கல் உண்டு. வாங்குகிறவர் வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டு, மீதியைக் கையில் ரொக்கமாகத் தருகிறேன் என்பார். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அவருக்கு அது லாபம். உங்களுக்கு அந்த ரொக்கத்தால் விசா விஷயத்தில் ஒரு உபயோகமும் இல்லை. மஞ்சள் பையில் இருக்கும் பணத்தை எந்தத் தூதரகத்திலும் காட்ட முடியாது. நிலம் விற்கும்போது 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே வருமான வரிச் சட்டப்படி தப்பு. என்றைக்காவது விற்றே ஆக வேண்டிய நிலை வந்தால், முழு விலைக்குப் பத்திரம், முழுப் பணமும் வங்கி வழியாக. அந்த நிபந்தனைக்கு ஒத்துக்கொள்கிறவருக்கு மட்டும் கொடுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இங்கிலாந்தையே தள்ளி வைத்துவிட்டு ஜெர்மனியைப் பார்ப்பேன். ஏஜெண்ட் அதைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டார். இங்கிலாந்தின் பல பல்கலைக்கழகங்கள் ஒரு மாணவரைச் சேர்த்துவிட்டால் ஏஜெண்டுக்கு கமிஷன் கொடுக்கின்றன. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. கட்டணமே இல்லாத இடத்தில் கமிஷன் எங்கிருந்து வரும்?

ஜெர்மனியில் செமஸ்டருக்கு 100 முதல் 400 யூரோ வரை ஒரு சிறு தொகை கட்டினால் போதும். விதிவிலக்கு உண்டு: பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் வாங்குகிறது. செம்னிட்ஸ், மாக்டபர்க் போன்ற ஊர்களில் வாடகையும் குறைவு.

இனி அங்கே பணம் காட்டும் முறையைப் பாருங்கள். ‘ஸ்பெர்கான்டோ’ என்று ஒரு கணக்கு, நாம் முடக்கக் கணக்கு என்று சொல்லலாம். பையன் பெயரில் 11,904 யூரோவை அதில் போட வேண்டும். யூரோ 100 ரூபாய் என்று வைத்தாலே ஏறத்தாழ 12 லட்சம். பையன் அங்கே போய்ச் சேர்ந்ததும் மாதம் 992 யூரோவாக அவனுக்கே திரும்பி வரும். அதுதான் அவன் வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு. யாரிடமும் வாடகைக்கு வாங்கிக் காட்டிவிட்டு எடுக்க முடியாது, ஏனென்றால் பணம் நிஜமாகவே அங்கே போய்விடுகிறது. 12 லட்சம் போய்விட்டதே என்று தோன்றும். போகவில்லை, ஒரு வருடச் சாப்பாட்டுச் செலவை முன்கூட்டியே கட்டி வைத்திருக்கிறீர்கள். இங்கிலாந்தில் லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு வீதம் 9 மாதத்துக்கு 10,539 பவுண்டும் கட்டணத்தின் மீதியும் காட்ட வேண்டும். பவுண்டு 120 ரூபாய் என்று வைத்து, பாதிக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்தால் ஏஜெண்ட் சொன்ன 22 லட்சம் வரும். அது போக வருடத்துக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம், காசநோய்ப் பரிசோதனை. மெக்கானிக்கல் போன்ற துறைகளுக்கு ‘அட்டாஸ்’ என்ற தனி அனுமதியும் வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை, வாரக்கணக்கில் நாள் ஆகும். ஏஜெண்ட் அதைச் சொன்னாரா?

ஜெர்மனியில் கஷ்டம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே வடிகட்டுவது மதிப்பெண்ணில். பையனின் மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். தேர்ச்சிக்குக் குறைந்தபட்சம் எந்தப் புள்ளி என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஜெர்மனியில் 1 என்றால் முதல் தரம், 4 என்றால் கடைசித் தேர்ச்சி. நம் 7.4-ஐ அதற்கு மாற்ற ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். உச்சம் 10, தேர்ச்சி 5 என்று இருந்தால் 7.4 என்பது 2.56 ஆகும். தேர்ச்சி 6 என்று இருந்தால் அதே 7.4, 2.95 ஆகிவிடும். நிறையப் படிப்புகளில் 2.5-க்குள் இருக்க வேண்டும் என்று எல்லை வைத்திருப்பார்கள். ஆகவே தம்பிக்குச் சில பெரிய பல்கலைக்கழகங்கள் திறக்காது, அதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. எல்லை வைக்காத பல்கலைக்கழகங்களும், தொழிற்சாலைகளோடு சேர்ந்து பாடம் நடத்தும் ‘ஹோக்ஷூலே’ என்னும் பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகங்களும் நிறைய இருக்கின்றன. பம்ப் கம்பெனியில் அவன் வேலை பார்த்த அனுபவத்துக்கு அங்கே மதிப்பு உண்டு. எந்த மெஷினில் வேலை, என்ன வார்ப்பு, எந்த மென்பொருளில் வரைந்தான் என்று விவரமாக ஒரு அனுபவச் சான்றிதழ் வாங்கச் சொல்லுங்கள். சம்பளத்தைக் கையில் வாங்கினால் இந்த மாதத்திலிருந்தே வங்கியில் போடச் சொல்லுங்கள்.

விசாவுக்கு முன்னால் ‘ஏ.பி.எஸ்.’ சான்றிதழ் வாங்க வேண்டும். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரை எல்லாச் சான்றுகளையும் சரிபார்த்துக் கொடுப்பார்கள். இதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. ஆங்கிலத்தில் நடக்கும் படிப்புக்கு ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் பல இடங்களில் 6.5 கேட்பார்கள். ஜெர்மன் மொழி கட்டாயம் இல்லாத படிப்பாக இருந்தாலும் ஏ1, ஏ2 என்ற தொடக்க நிலைகள் வரையாவது படிக்கட்டும். கடைக்குப் போனால், வீடு தேடினால் தேவைப்படும், பிற்பாடு வேலை கேட்கும்போது மிகவும் தேவைப்படும். கோவையிலேயே கோதே சென்ட்ரம் இருக்கிறது, வேலையை விடாமல் படிக்கலாம். அங்கே படிக்கும்போது வருடத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம், படித்து முடித்தபின் வேலை தேட 18 மாதம் தங்கலாம்.

விசா விண்ணப்பத்தை முதல் முறையே சரியாகக் கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் ஜெர்மன் விசா மறுத்தால் தூதரகத்துக்கே மறுபரிசீலனைக் கடிதம் எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லை ஜெர்மன் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

மற்ற நாடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், சொந்தக்காரர்கள் யாராவது சொல்லிக் குழப்புவார்கள். கனடாவுக்கு முன்பு இருந்த விரைவு வழி 2024 நவம்பர் 8-ல் மூடிவிட்டது. தனியாகப் போகும் மாணவர் கல்விக் கட்டணம் போக 22,895 கனடா டாலர் காட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு 29,710 ஆஸ்திரேலிய டாலர், விசாக் கட்டணமே 2,000 டாலர். அமெரிக்காவில் மாமா கணக்கையும் ஏற்பார்கள். ஆனால் அங்கே எல்லாம் சென்னையில் நடக்கும் இரண்டு மூன்று நிமிட நேர்காணலில் முடிவாகிறது, செலவும் உங்கள் குடும்பத்துக்குத் தாங்காது. தொகைகள் அவ்வப்போது மாறும், விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்த அரசின் இணையதளத்தில் பையனையே பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம், சின்னதாகத் தெரியும், இதனால் கண்ணீர் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பெயர். நம் பக்கத்தில் அப்பா பெயரில் பாதிப் பேருக்குச் சாமி இருக்கும். பழனிசாமி என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் மதிப்பெண் பட்டியலில் ‘டபிள்யூ’ இருக்கும், ஆதாரில் இருக்காது, நிலப் பத்திரத்தில் கவுண்டர் என்று கூடச் சேர்ந்திருக்கும். பையனுக்குச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. அப்பா கணக்கைக் காட்டும்போது இந்த அப்பாதான் அந்த அப்பா என்று நிரூபிக்க வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றிதழ்தான் முதல் ஆதாரம். எல்லாச் சான்றுகளையும் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு, பையனை ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கச் சொல்லி, வேறுபாட்டை ஒரு தாளில் எழுதுங்கள். திருத்தக்கூடியதை இப்போதே திருத்துங்கள். முடியாததற்கு நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம்.

வருமானத்துக்கு என்ன காட்டுவது என்ற கவலை வேண்டாம். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை, ஆகவே வருமான வரிக் காகிதம் இல்லை, சரி. ஆனால் வருமானம் இல்லாமல் இல்லையே. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியரின் வருமானச் சான்று வாங்குங்கள். சிட்டா, அடங்கல் எடுத்து வையுங்கள். ஆடிட்டரிடம் சொத்து மதிப்புச் சான்று வாங்கினால் அதில் 18 இலக்க யு.டி.ஐ.என். எண் இருக்கிறதா என்று பாருங்கள், அந்த எண் இல்லாத சான்று செல்லாது. நாட்டுச் சர்க்கரையைக் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் போட்டால், பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சர்க்கரை என்ற பெருமையோடு ரசீதும் கிடைக்கும். மஞ்சளையும் அதே மாதிரி விற்பனைக்கூடத்தில் ஏலத்தில் விட்டுப் பணத்தை வங்கிக் கணக்கில் வாங்குங்கள். தெரிந்த மண்டிக்காரர் என்று சீட்டு இல்லாமல் கையில் வாங்கும் பழக்கத்தை இந்த ஒரு வருடம் நிறுத்துங்கள். அந்த விவசாயியின் பாஸ்புக்கில் பால் சங்கத்தின் 2,340-ம் 2,105-ம் இருந்ததே, அது மாதிரி வரவுகள்தான் உங்கள் கோப்பின் பலம். மாதாமாதம் உழைத்துச் சம்பாதிக்கும் குடும்பம் என்று அதைப் பார்த்தாலே தெரியும்.

தம்பி இந்த வருடமே போக வேண்டும் என்கிறான். அவனிடம் என் பதிலாக இதைப் படித்துக் காட்டுங்கள்: கண்ணு, ஜெர்மனியில் வகுப்புகள் பெரும்பாலும் அக்டோபரில் தொடங்கும். அதற்கான விண்ணப்பம் பல இடங்களில் மார்ச் முதல் ஜூலை 15-க்குள் முடிந்துவிடும். இப்போது ஏ.பி.எஸ்.ஸுக்கு விண்ணப்பித்து, ஐ.இ.எல்.டி.எஸ். எழுதி, ஜெர்மன் ஏ1 முடித்தால் அடுத்த அக்டோபருக்கு நிதானமாகப் போகலாம். வேலையை விட்டுவிடாதே. அதுவரை சேரும் அனுபவம் வீண் போகாது.

சகோதரி, உங்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தி வருகிறது. தை முடிந்து மஞ்சள் வெட்டி, வேகவைத்து, காயவைத்து, பாலிஷ் போட்டு விற்றுப் பணம் வர சித்திரை ஆகும். முடக்கக் கணக்கில் பணம் போட வேண்டியது பல்கலைக்கழக அனுமதி வந்த பிறகு, ஆனி ஆடி வாக்கில். மஞ்சள் பணம் கொஞ்சம், அண்ணன் அடமானத்தில் வங்கிக் கடன் மீதி. கடன் பணத்தை நேரடியாக முடக்கக் கணக்குக்கு அனுப்புவீர்களா என்று வங்கி மேலாளரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

காசோலை கைக்கு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்தக் கடிதத்தோடு தம்பியின் மதிப்பெண் பட்டியலை இரண்டு பக்கமும் நகல் எடுத்து அனுப்புங்கள், பின்பக்கம் மறக்க வேண்டாம். எந்தெந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போடலாம் என்று பார்த்து எழுதுகிறேன். அதற்குக் கட்டணம் வேண்டாம்.